கதவை அடைத்துக்கொண்ட கீசர்

மார்கழி பிறந்த வாரத்தில் எங்கள் வீட்டு கீசர் செத்துப்போனது. என் மனைவி முதலில் கண்டுபிடித்தாள். மாமனார் ஒப்புக்கொள்ளவில்லை. பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, பல் தந்தியடிக்க வெளியே வந்து, "சூடு பதமாத்தான் இருக்கு, தாயி" என்பார். அவர் பார்த்து வாங்கிய கீசர் அது. ஆவடியில் ராணுவ வண்டி செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஜலதோஷம் பிடித்துப் படுத்த பிறகுதான், "வேணும்னா புதுசு வாங்கிக்கிடுங்க" என்று இறங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிளம்பர் வந்தார். கூரையை ஒட்டி மாட்டியிருந்த பழைய கீசரைக் கழற்றி ஒரு குலுக்குக் குலுக்கினார். உள்ளே ஜல்லி கொட்டியதுபோல் சத்தம்.

"இன்னா சார், போர் தண்ணி உப்பு பூரா உள்ள கல்லாயி கீது."

புதியது நல்ல நீளம். அதையும் அதே உயரத்தில் மாட்டப் போனவரை மாமனார் தடுத்தார்.

"சூட்டைக் காட்டுத முள்ளு என் கண்ணுக்குத் தெரியணும்வே. கீழ இறக்கி மாட்டும்."

"ரொம்ப கீழ வந்துடும் நைனா."

"பீரங்கி வண்டியவே சரிபாத்து அனுப்புனவன் நான். சொல்லுத இடத்துல மாட்டும்."

அப்போதுதான் தரையைத் துடைத்து முடித்திருந்த என் மனைவி, செங்கல் தூசி கூடத்துக்கு வரக் கூடாது, கதவைச் சாத்திக்கொண்டு துளை போடுங்கள் என்று உத்தரவிட்டாள். பிளம்பரும், மேற்பார்வைக்கு மாமனாரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். டிரில் சத்தம் தெருவரை கேட்டது. பிறகு சுத்தியல். பிறகு அமைதி.

"சார்" என்றார் பிளம்பர் உள்ளிருந்து. "கதவு தொறக்க மாட்டேங்குது."

எங்கள் குளியலறைக் கதவு உள்பக்கமாகத் திறப்பது. நான் தள்ளினேன். ஒரு சாண் திறந்து, ணங்கென்று எதிலோ இடித்து நின்றது. கதவு போய்ச் சாயவேண்டிய சுவரில், கதவின் மேல்மூலை வந்து முட்டும் இடத்தில், புத்தம்புது கீசர் தொங்கிக்கொண்டிருந்தது. இடுக்கில் பிளம்பரின் ஒரு கண் தெரிந்தது.

"கீசரைக் கழட்டிடுங்களேன்."

"கழட்டுனா செவுரு பேந்துகினு வந்துடும் சார். போல்ட்டே பிடிக்காம ரெண்டு வாட்டி ஓட்டை மாத்தி கீறேன்."

"கழட்டப்பிடாது" என்றது மாமனார் குரல். "ரசமட்டம் வச்சுப் பாத்திருக்கேன். இம்மி பிசகல."

கீலைக் கழற்றலாமென்றால் திருகாணிகள் துருவேறிச் சட்டத்தோடு ஒட்டிப்போயிருந்தன. மனைவி தேடி எடுத்த ரம்பத்தைக் கதவிடுக்கில் நீட்டினாள். பிவிசி கதவுதான், மேல்மூலையை அறுத்துவிடலாம் என்று முடிவானது. அதற்குள் பிளம்பரின் போன் அடித்தது. நசரத்பேட்டையில் யாரோ வீட்டில் குழாய் உடைந்து தண்ணீர் கொட்டுகிறதாம்.

"வந்துகினே கீறேன் அண்ணாத்தே! பூந்தமல்லி கிட்ட மாட்டிகினேன். மெட்ரோ வேலை நடக்குதில்ல, வண்டி ஒரு இன்ச் நவுரல."

அந்த நேரம் பார்த்து மாமனார் குழாயைத் திறந்தார்.

"அந்த சத்தமா... மழை கொட்டுது, அண்ணாத்தே" என்று சொல்லிப் போனை வைத்தார் பிளம்பர்.

"மாப்ளே, சுவிட்சைப் போடுங்க. வேலை செய்யுதான்னு பாத்துருவோம்" என்றார் மாமனார். சுவிட்ச் வெளியே இருந்தது. போட்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஆவி வந்தது. கூடவே மாமனாரின் அடுத்த உத்தரவும் வந்தது: "தாயி, வேட்டி துண்டு கொடு. மேலெல்லாம் செங்கல் தூசி. நான் குளிச்சிருதேன்."

"நைனா, நான் இங்கதான கீறேன்!"

"அங்கிட்டு திரும்பிக்கிடும்வே."

இடுக்கு வழியாகத் துணி போனது. நான் பார்த்தவரை பிளம்பர் கவிழ்த்த வாளியின் மேல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மூடிய கண்களுக்கு மேல் ஒரு கையும் வைத்திருந்தார். சொம்புச் சத்தத்துக்கு நடுவே மாமனார், "இது சூடு. முந்தி ஒரு வாரமா வெறும் பச்சைத் தண்ணிதான்வே" என்று அவரிடம் சொல்வது கேட்டது. என் மனைவி என்னைப் பார்த்தாள். எங்களிடம் மாமனார் இன்றுவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை.

குளித்து, உடுத்தி, திருநீறு கேட்டு வாங்கிப் பூசிக்கொண்ட பிறகே ரம்பம் போட அனுமதி கிடைத்தது. பிளம்பர் அறுத்த மூலை கூடத்தில் வந்து விழுந்தது. கதவு முழுதாகத் திறந்தது. மாமனார் பளிச்சென்று வந்தார். பின்னால் பிளம்பர், தலையெல்லாம் செங்கல் தூளும் பிளாஸ்டிக் தூளுமாக. காபி கூடக் குடிக்காமல் ஓடினார்.

கதவில் இப்போது கேரம் போர்டை மூலைக்கு மூலை அறுத்ததுபோல் முக்கோணமாக ஒரு திறப்பு இருக்கிறது. அதில் ஒரு துண்டைத் தொங்கவிட்டிருக்கிறோம். வருகிறவர்களிடம் மாமனார், "ஆவி வெளிய போகணும்லா, அதுக்குத்தான்" என்று துண்டை விலக்கிக் காட்டுகிறார். போன வாரம் வந்த அவருடைய மச்சினி அதை அப்படியே நம்பி, தன் வீட்டுக் கதவிலும் ஒன்று வெட்டித் தர முடியுமா என்று அந்த பிளம்பரின் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்.