வாட்டம் கொடுத்த கை

மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு பக்கம் மொட்டைமாடித் தளம் போட வேண்டுமென்றால் கங்காதரன் மேஸ்திரியைத்தான் கூப்பிடுவார்கள். வாய் கொஞ்சம் நீளம், வேலை சுத்தம். எப்பேர்ப்பட்ட மழையானாலும் அவர் போட்ட மாடியில் ஒரு சொட்டு தங்காது. கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சரிவு கொடுத்துவிடுவார். கொத்து வேலையில் அதற்கு வாட்டம் என்று பேர்.

அவரிடம் சித்தாளாக இருந்தவள் அங்காளம்மாள், ஜவ்வாது மலைக்காரி. மலைச்சரிவில் அவளுக்கும் அண்ணன் வெள்ளையனுக்கும் சாமை விதைக்கிற நிலம் இருந்தது. வருஷா வருஷம் மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு போனதில், விளைச்சல் ஒரு வயிற்றுக்கே இழுபறி. பிழைக்கச் சென்னைக்கு வந்துவிட்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் சாரம் சரிந்து மேஸ்திரி காலை உடைத்துக்கொண்டார். கூட வேலை செய்தவர்கள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவரவர்க்கு வயிறு இருக்கிறது. அங்காளம்மாள் மட்டும் கிடைத்த கூலி வேலை முடிந்ததும் மேஸ்திரி வீட்டுக்கு வந்து, அவர் மனைவி கெங்கம்மாவோடு சேர்ந்து கஞ்சி காய்ச்சினாள். அண்ணன் கொடுத்தனுப்பிய சாமை. தங்களுக்கே போதாததைப் பகிர்ந்து கொடுத்தவர்கள் என்பதை மேஸ்திரி மறக்கவில்லை.

மேஸ்திரி கால் தேறி வேலைக்கு வந்த பிறகு ஒருநாள், அங்காளம்மாள் மணல் குவியலருகே உட்கார்ந்து அழுதாள். அண்ணனும் நிலத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பப் போகிறானாம்.

“இன்னாத்துக்கு அழுவுற? மண்ணு ஓடுதுன்னா குறுக்கால கட்டி நிறுத்தணும். நான் வர்றேன். அங்க கல்லு கீதா?”

“அது ஒண்ணுதான் மேஸ்திரி மிச்சம்.”

ஆனி மாதம் மலைக்குப் போய், மூவருமாகச் சரிவின் குறுக்கே கல்வரப்பு கட்டினார்கள். வெள்ளையன் கையிலிருந்த விதையை நம்பிக்கையோடு விதைத்தான். “மழையப் பாத்துட்டுத்தான் போவேன்” என்று மேஸ்திரி மீசையை முறுக்கிக்கொண்டு தங்கினார்.

மழையும் வந்தது. ஒவ்வொரு வரப்பிலும் தண்ணீர் வரிசையாக இடது ஓரத்துக்கு ஓடி, முட்டி, உடைத்தது. விதையும் போயிற்று, மண்ணும் போயிற்று. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, மனிதர் வரப்புக்கும் வாட்டம் கொடுத்துத் தொலைத்திருந்தார்!

வெள்ளையன் கோபப்பட்டிருந்தால்கூட மேஸ்திரி தாங்கியிருப்பார். அவனோ உடைந்த இடத்தைப் பார்த்துவிட்டு, “எங்க உடையுதுன்னு தெரிஞ்சுபோச்சு. மறுபடி கட்டுவோம்” என்றான். அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

இந்த முறை கண்ணை நம்பவில்லை. கொத்து வேலையில் மட்டம் பார்க்கிற டியூபில் தண்ணீர் நிரப்பி, மறுமுனையை அங்காளம்மாளிடம் கொடுத்தார். “நான் சொன்னாலும் கேக்காத. டியூப்ல தண்ணி இன்னா சொல்லுதோ அத்த மட்டும் கேளு.” ஒரே மட்டத்தில், சரிவின் வளைவோடு வளைந்து போயின வரப்புகள். மிஞ்சிய தண்ணீர் வழிய மட்டும் ஓரத்தில் வழி விட்டார்கள். கரையில் புல் நட்டார்கள். வெள்ளையன் அக்கம்பக்கத்தில் விதை கேட்டு வாங்கி, சரிவுக்குக் குறுக்கே உழுதான்.

அடுத்த மழையில் தண்ணீர் நின்றது, நிதானமாக மண்ணுக்குள் இறங்கியது. வருஷத்துக்கு வருஷம் வரப்பை ஒட்டி வண்டல் படிந்து மண் கனத்தது. சாமைக் கதிர் மணி பிடித்துத் தலை சாய்ந்தது.

எழுபத்து மூன்றில் அசோக் நகரில் ஒரு வீடு. மறுநாள் தளம் போட வேண்டும், ஆள் பற்றாக்குறை. அங்காளம்மாள் சாந்துச்சட்டியோடு வந்து தயங்கி நின்றாள்.

“மேஸ்திரி, நான் வேலைய விட்டுடறேன். நெலம் இப்ப ரெண்டு பேருக்கும் சோறு போடுதாம். அண்ணன் வரச் சொல்லிச்சு.”

“நாளைக்கு தளத்த வச்சிக்கினு இன்னிக்கி வந்து சொல்றியே!” என்று ஆரம்பித்தவருக்கு, ‘ரெண்டு பேருக்கும் சோறு’ என்றது அப்போதுதான் உறைத்தது.

“போம்மா, நல்லாரு” என்று சொல்லி, அவள் தலையிலிருந்த சட்டியைத் தன் கையாலேயே இறக்கி வைத்தார்.