ஆபரேஷனுக்கு முன் பாடிய கீர்த்தனைகள்

என் கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். நான்தான் அழுதேன். கன்டோன்மென்ட் பக்கம் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் சின்ன வயதிலிருந்து பாடியவர். இருக்கிற வீடியோ எல்லாம் கூட்டத்தோடு பாடியவை. அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்கிற மாதிரி ஒரு கீர்த்தனைகூட எங்களிடம் இல்லை. அட்மிட் ஆவதற்கு முந்தின நாள் வீட்டிலேயே ரெக்கார்ட் செய்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

நல்ல மைக் வாங்கலாம் என்றேன். "சும்னே எதுக்குச் செலவு? உன் ஆபீஸ் ஹெட்செட்டே போதும்" என்றார். எனக்கு வைட்ஃபீல்டில் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. குக்கர் விசில் அடித்தாலும், பக்கத்து மனையில் கல் அறுத்தாலும், அந்த ஹெட்செட்டில் என் பேச்சைத் தவிர மீட்டிங்கில் யாருக்கும் எதுவும் கேட்காது. அதைவிட நல்லது வேறென்ன இருக்கப்போகிறது என்று நானும் நினைத்தேன்.

இலவசமாகக் கிடைக்கிற ஒரு ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை இறக்கினேன். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு "ஹலோ" என்றார். திரையில் கோடு குதித்தது. அதற்குமேல் நாங்கள் எதையும் பார்க்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பாடினார். தொண்டை கரகரத்தது, ஆனாலும் விடவில்லை. நடுவில் வெந்நீர் வைக்க நான் எழுந்துபோனேன். முடித்ததும், "வந்தப்புறம் நிதானமா கேக்கலாம்" என்று லேப்டாப்பை மூடிவிட்டார்.

கழுத்தில் குழாயோடு வீட்டுக்கு வந்து, கொஞ்சம் தேறிய பிறகு ஒரு மத்தியானம் அதைத் திறந்தோம். அவர் செருமுவது வந்தது. பாட்டின் முதல் சொல் வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை.

ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டினேன். மியூட் ஆகியிருக்கிறதா என்று பார்த்தேன். சத்தம் வேறு எங்காவது போகிறதா என்று ஒவ்வொன்றாக மாற்றினேன். சனியன் பிடித்த சாஃப்ட்வேர் என்று வாய்விட்டே திட்டினேன். அவர் திரையில் விரலை வைத்துக் காட்டினார். பேசிய இடத்தில் எல்லாம் கோடு மேடு மேடாக இருந்தது. பாடிய இடத்தில் தட்டையாகக் கிடந்தது.

ஆபீஸில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவருக்கு போன் செய்தேன். "மேடம், அந்த ஹெட்செட் பேசறத மட்டும்தான் விடும். இழுத்துப் பாடினா அதுக்கு அதுவும் ஃபேன் சத்தம் மாதிரிதான், அப்பவே வெட்டிடும். திருப்பி எடுக்க முடியாது. பரவால்ல, செட்டிங்க மாத்தித் தர்றேன். சாரை இன்னொரு தடவ பாடச் சொல்லுங்க."

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். எங்காவது ஒரு வரியாவது தப்பியிருக்காதா என்று கடைசிவரை ஓடவிட்டேன். வரி எதுவும் இல்லை. வெந்நீர் வைக்க நான் போயிருந்த நேரத்தில் அவர் தனியாக, மெல்லப் பேசியது மட்டும் தெளிவாக இருந்தது.

"ஆண்டவரே, இந்தக் குரல இன்னும் கொஞ்ச நாள் விட்டு வையும். அவகிட்ட சொல்ல முடியல. எனக்குப் பயமா இருக்கு."

அத்தனை நாளும் எனக்குத் தைரியம் சொன்ன மனிதர். பக்கத்திலேயே உட்கார்ந்து தானும் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, அழித்துவிடு என்று கையை வீசிக் காட்டினார்.

"மாட்டேன்" என்றேன்.

மறுபடியும் காட்டினார். லேப்டாப்பை இழுக்கப் பார்த்தார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. கல்யாணமான நாளிலிருந்து சண்டை வந்தால் அவர் உம்மென்று உட்கார்ந்துவிடுவார், நான் கத்துவேன். அதே பழக்கத்தில் கத்திவிட்டேன்.

"எதுக்கு அழிக்கணும்? வாயத் தெறந்து சொல்லுங்க."

அவரும் பழக்கத்தில் வாயைத் திறந்தார்.