மருந்தகத்துக்குத் தலைவர் கிடைத்த விதம்

தாராவியில் எங்கள் ஊர்க்காரர்கள் சங்கம் நடத்திய இலவச மருந்தகத்துக்கு நான் இரண்டு வருடம் தலைவராக இருந்தேன். தகுதி பார்த்து யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. கூட்டத்துக்கு ஐந்து பேர் வந்திருந்தோம். நான் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் தீர்மானம் நிறைவேறியிருந்தது.

மருந்தகம் என்பது தகரக் கூரை போட்ட ஓர் அறை. செம்பூரிலிருந்து ஒரு டாக்டர் வாரத்தில் மூன்று நாள் சம்பளம் வாங்காமல் வருவார். மற்ற நாட்களில் நாசரேத் பக்கத்து நர்ஸம்மாதான் எல்லாம்.

ரூபாயின் மதிப்பைக் குறைத்த வருடம் அது. ரேஷன் கடைகளில் வரிசை நீண்டது. தோல் பட்டறைகளில் ஆட்களை நிறுத்தினார்கள். நோயாளிகள் அதிகமானார்கள், நன்கொடையாளர்கள் குறைந்தார்கள். தீபாவளியோடு மருந்தகத்தை மூடிவிடலாம் என்று கமிட்டி பேசியது. தலைவர் என்ற முறையில் என் கருத்தைக் கேட்டார்கள். "யோசிக்கலாம்" என்றேன். அதுவரை நான் சொன்னவற்றுள் அதுதான் துணிச்சலான கருத்து.

கூட்டம் முடிந்ததும் நர்ஸம்மா என்னை நிறுத்தினார். "மாட்டுங்கா அண்ணாச்சி கடைசியா எப்ப சார் குடுத்தாரு?"

"பங்குனியில."

"போய்ப் பாத்தியளா?"

"லெட்டர் போட்டேன்."

"காயிதம் போட்டா காயிதந்தான் வரும். ஞாயித்துக்கிழம கோயில் முடிஞ்சு வாரேன். சேந்து போவோம்."

அண்ணாச்சிக்கு மாட்டுங்காவில் பெரிய மளிகைக் கடை. எங்களை உட்காரவைத்துக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். பிறகு, "தந்தா ரொம்ப டல்லு சார், யாவாரமே இல்ல" என்று ஆரம்பித்தார். விலைவாசி, ரேஷன், வேலையில்லாத ஜனங்கள் என்று நான் பேச எழுதி வைத்திருந்த எல்லாவற்றையும் அவரே தன் கஷ்டமாகச் சொல்லி முடித்தார். நான் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

நர்ஸம்மா அவர் பேச்சைக் கேட்டதாகத் தெரியவில்லை. அண்ணாச்சியின் இடது காலில் சுற்றியிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால்ல என்ன அண்ணாச்சி?"

"செருப்புக் கடிம்மா."

"எத்தன நாளா?"

"ரெண்டு மாசமிருக்கும்."

"ரெண்டு மாசமா எந்தச் செருப்பு கடிக்கும்? அவுருங்க."

சுண்டு விரலை ஒட்டிக் கறுத்த புண். "சக்கர இருக்கான்னு பாத்தியளா?" என்று கேட்டார் நர்ஸம்மா.

"சக்கரைக்கும் ரேஷன்தானம்மா" என்றார் அண்ணாச்சி. நர்ஸம்மா சிரிக்கவில்லை. அண்ணாச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. முழங்காலோட எடுத்துட்டாங்க. அதான் யார்ட்டயும் காட்டல."

"நாளைக்குத் தாராவிக்கு வாங்க."

ரயில்வே பாலத்தில் திரும்பி வரும்போது எனக்குக் கோபம். "நன்கொடை கேக்கப் போனோம். ஒரு நோயாளியப் பிடிச்சுக்கிட்டு வந்திருக்கோம்" என்றேன்.

"ஆமா சார்" என்றார் நர்ஸம்மா.

மறுநாள் அண்ணாச்சி வந்தார். மெயின் ரோட்டில் டாக்சியை விட்டு இறங்கிச் சந்துக்குள் நொண்டி நடந்து வந்து வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த பட்டறைத் தொழிலாளி, காலை நீட்டிக்கொள்ள இடம் விட்டு நகர்ந்தார். நர்ஸம்மா சிறுநீரை நீல மருந்தில் கலந்து ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார். சர்க்கரை இருந்தால் நிறம் மாறும்; அது செங்கல் நிறமானது. அண்ணாச்சி அந்தக் குழாயைப் பார்த்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் மாத்திரை எழுதினார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதில் சுண்டு விரல் போயிற்று, கால் தப்பியது. அதற்குப் பிறகு வாரா வாரம் கட்டு மாற்ற எங்களிடமே வந்தார். நன்கொடையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டு கேட்க எனக்கும் கூச்சமாக இருந்தது.

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, செம்பூர் கடைக்காரர் ஒருவர் திலக் நகரில் என் வீட்டைத் தேடி வந்தார்.

"மாட்டுங்கா அண்ணாச்சிய நீங்கதான் அனுப்புதியளா?"

"எங்கே?"

"தெனமும் கடைக்கு வாராரு. ஸ்டூல்ல உக்காந்து கால அவுத்துக் காட்டுதாரு. 'எங்க ஆஸ்பத்திரி இல்லன்னா இது இருக்காது, பாத்துக்கோ'ங்காரு. சாமான் வாங்க வாரவங்க அப்படியே திரும்பிப் போறாங்க. மாசம் எவ்வளவு வேணும்னு சொல்லுங்க சார், குடுத்துடுதேன்."

விசாரித்ததில், விக்ரோலி முதல் மான்குர்த் வரை நம் ஊர்க்காரர்களின் ஒரு கடையையும் அவர் விட்டுவைக்கவில்லை என்று தெரிந்தது. மருந்தகத்தை மூடும் பேச்சு நின்றது.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் அவரையே தலைவராக முன்மொழிந்தேன். கைதட்டினார்கள். என் சேவையைப் பற்றி யாராவது இரண்டு வார்த்தை சொல்வார்கள் என்று பதிலுக்கு நன்றி சொல்லத் தயாராக நின்றிருந்தேன். அதற்குள் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்தேன். நானும் கூரையில் பூசும் தாரைப் பற்றி ஒரு யோசனை சொன்னேன். அதை ஏற்றுக்கொண்டார்கள்.