கட்டுநாயக்கப் பாதையில் படித்த அறபு

எயார்போட் வான் ஓட்டுகிறவனுக்குப் போகும் பாதை அழுகை, வரும் பாதை கதை. காத்தான்குடியிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஆட்களை ஏற்றி இறக்கி, இடுப்பு ஆசனத்தின் வடிவத்துக்கு வளைந்துபோன என் சகோதரச் சாரதிமாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெலிக்கந்தைக் காட்டில் யானையொன்று வானைத் தூக்கிப் பிடிக்க, நான் டயர் மாற்றிய கதையையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதில் கொஞ்சம் கூட்டல் உண்டு. இதில் இல்லை, ஒட்டகம் வரும் இடத்தைத் தவிர.

என் மகள் ஜெசீமாவை ஐந்து வருஷத்துக்கு முன் இதே வானில்தான் கொண்டுபோய் இறக்கினேன். ரியாத்தில் ஒரு வீட்டில் வேலை. எங்கள் பக்கத்தில் கலியாணம் செய்வதற்குப் பெண்ணுக்கு வீடு இருக்க வேண்டும். அரைச் சுவரில் நின்ற வீட்டைப் பார்த்து, "கூரை ஏறாம நான் திரும்ப மாட்டன் வாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். போன மாதம் கூரை ஏறிவிட்டது. அவளுக்குத்தான் தெரியாது. அவளுடைய போன் உடுப்புக் கழுவும் தண்ணீருக்குள் விழுந்து செத்துவிட்டதாம். அந்தத் தெருவில் வேலை செய்து ஊர் திரும்பிய ஒரு பிள்ளை வந்து சொன்னாள். அந்த வீட்டு எசமானி மேடத்தின் நம்பரையும் தந்தாள். கூரை இன்னும் ஏறவில்லை என்று நினைத்து, மாத முடிவில் ஜெசீமா இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப்போகிறாள் என்பதையும் அவள்தான் சொன்னாள்.

ஓதத் தெரிந்தவன்

அறபு எனக்குப் பயமில்லை. ஏழு வயதில் மதரசாவில் பிரம்புக்குக் கீழ் பிடித்த எழுத்து, எழுபது வயதிலும் கண்ணை மூடிக்கொண்டு ஓதுவேன். வான் தரிப்பிடத்தில், என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் சாரதி பாறூக் பக்கத்தில் நிற்க, பெருமையோடு ரியாத்துக்குப் போன் எடுத்தேன். மேடம் எடுத்தார். முழு ஸலாம் சொன்னேன். அவரும் முழு ஸலாம் சொன்னார். பிறகு ஏதோ கேட்டார். அங்கேதான் நான் நின்றேன். ஓதியது அத்தனையும் நெஞ்சில் இருக்கிறது, "என் மகளைக் கூப்பிடுங்கள்" என்பது மட்டும் அதில் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. சும்மா நிற்பது மரியாதையில்லை என்று, வான் எடுக்கும்போது வழக்கமாக ஓதும் பயண துஆவை ஓதினேன். மேடம் பொறுமையாகக் கேட்டு, "ஆமீன்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

பாறூக் பல் குத்திக்கொண்டே சொன்னான்: "குர்ஆனை எத்தின தரம் ஓதி முடிச்ச மனுசன் நீங்க காக்கா, ஒரு ஆளைக் கூப்பிட்டுத் தாங்க எண்டு கேக்கத் தெரியல்லியே."

அவங்கட சொல்

அன்றிலிருந்து வானில் ஏறுகிறவர்களிடம் ஆளுக்கொரு சொல் கேட்டேன். ஏறாவூர்ப் பெண்ணொருத்தி, பன்னிரண்டு வருஷம் சமையல் வேலை செய்து வந்தவள், குருநாகலுக்கு வருமுன்பே என் தலையை நிறைத்துவிட்டாள். வா என்றால் தஆல், போ என்றால் ரூஹ், முடி என்றால் கலாஸ். கழுவு, துடை, கெதியாகச் செய், வாயை மூடு என்று வரிசையாக வந்தன. "எனக்கு வேணும் எண்டு எப்படிச் சொல்லுற தங்கச்சி?" என்று கேட்டேன்.

யோசித்தாள். தம்புள்ளை போனது, ஹபரணை போனது. முன் கண்ணாடியில் பார்த்தேன், வெளியே மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மின்னேரியாவில்தான் வாய் திறந்தாள்: "அதுவும் அவங்கட சொல்லுதான் காக்கா. நான் சொல்லிப் பாக்கல்ல."

ஒட்டகமும் நானும்

தேற்றாத்தீவுத் தம்பி ஒருவன், கட்டார் நாட்டில் பத்து வருஷம் கட்டடங்களுக்குச் சாரம் கட்டியவன், முன் ஆசனத்தில் வந்தான். பெயர் குகன். பழக்கதோஷத்தில் நான் தொடங்கிவிட்டேன்: ரியாத்தில் பதினைந்து வருஷம் ஒரு ஷேக்குக்குக் கார் ஓடினேன், அவருடைய ஒட்டகம் பின்னால் ஏறாது, முன் ஆசனத்தில்தான் இருக்கும், பெல்ட் போடாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மெய்யில், கட்டுநாயக்கவின் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நான் ஒரு அடியும் வைத்ததில்லை.

குகன் தலையாட்டிவிட்டு அறபில் பேசத் தொடங்கினான். சரளமாகப் பேசினான். நான் எல்லாவற்றுக்கும் "இன்ஷா அல்லாஹ்" என்றேன். புனானை வரைக்கும் சமாளித்தேன். பிறகு வெட்கத்தை விட்டு மகளின் கதையைச் சொன்னேன். அவன் சிரிப்பை நிறுத்தி, ஒரு பிஸ்கட் பெட்டியைக் கிழித்து இரண்டு வரி தமிழில் எழுதி, ஸ்டேரிங்குக்கு முன்னால் செருகினான். "அனா அபூ ஜெசீமா" என்றால் நான் ஜெசீமாவின் தகப்பன். "ஜெசீமா வெய்ன்?" என்றால் ஜெசீமா எங்கே?

இறங்கும்போது பையைத் தோளில் போட்டபடி சொன்னான்: "காக்கா, உங்களுக்கு எத்தின புள்ளையள் எண்டு கேட்டன். இன்ஷா அல்லாஹ் எண்டீங்க."

குசினி

அடுத்த பயணத்தில், பகல் சாப்பாட்டுக்கு நிறுத்திய இடத்தில் போன் எடுத்தேன். மேடம் தூங்கும் நேரம் போலும், ஒரு சின்னப் பிள்ளை எடுத்தாள். பாடம் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்; போனைக் காதில் வைத்துக்கொண்டே எழுத்துக் கூட்டி இழுத்து இழுத்து வாசித்தாள். நாங்கள் மதரசாவில் வாசித்த அதே இழுவை. "ஜெசீமா வெய்ன்?" என்றேன். "ஜெசீமா ஃபில் மத்பக்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

என் மகளின் பெயரை அந்தப் பிள்ளை எவ்வளவு பழக்கமாகச் சொன்னாள்! ஒரு நாளைக்கு நூறு தரம் கூப்பிடுகிற வாய் அது. பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஏறாவூர்க் கிழவரிடம் அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டினேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "மத்பக் எண்டா குசினி, சமைக்கிற இடம். மகள் குசினிக்குள்ள நிக்கிறா தம்பி."

நாளைக்கு

பிறகு எடுத்ததெல்லாம் மேடம்தான். கெட்ட மனுசி இல்லை, ஓயாத மனுசி. பின்னால் விருந்தாளிகளின் சத்தம், பாத்திரச் சத்தம். நான் "அனா அபூ ஜெசீமா" என்பேன், அவர் "புக்ரா, புக்ரா" என்பார். ஒன்பது நாள் புக்ரா. கூரையைப் படம் பிடித்து அனுப்பினேன், குரலில் பேசி அனுப்பினேன். தெரியாத நம்பரிலிருந்து வருவதை அவர் திறப்பதில்லை. புக்ரா என்பது மகளின் நேரம் குறித்த ஏதோ கண்டிப்பான சொல் என்று நினைத்திருந்தேன்.

ஓட்டமாவடித் தாதியொருத்தி, விடுமுறையில் வந்தவள், விளக்கம் சொன்னாள்: "புக்ரா எண்டா நாளைக்கு. எந்த நாளைக்கு எண்டு மட்டும் கேட்டுராதீங்க மாமா."

கூரைக்கு மேல் மகள்

மாத முடிவுக்கு ஆறு நாள் இருக்கும்போது மரித்துப்போன என் பெண்சாதி நினைவில் வந்து காப்பாற்றினாள். அவளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அறபெழுத்தில் எழுதிய தமிழ்தான் வாசிப்பாள். பயணம் போகும்போது நான் அடுப்படியில் வைத்துப்போகும் துண்டெல்லாம் அறபுத் தமிழ்: "சோறு ஆக்க வேண்டாம், நாளைக்குத்தான் வருவேன்." எழுத்துக் கூட்டி அவள் சத்தமாக வாசிக்க, ஜெசீமா பக்கத்தில் இருந்து கேட்டு வளர்ந்தவள்.

எழுத்தென்றால் திறக்காமலே போனின் மேலே தெரியும். பகலில் போன் இருப்பது எதைக் கண்டாலும் இழுத்து வாசிக்கிற ஒரு பிள்ளையின் கையில். பொருள் தெரியாமல் நான் அறுபது வருஷம் அவர்களுடைய மொழியை ஓதவில்லையா? அவள் நாலு சொல் என்னுடையதை ஓதட்டுமே, ஜெசீமா பக்கத்தில் நின்று கேட்கட்டுமே. பாறூக்கின் போனில் அறபெழுத்து இருந்தது; அதில் அடித்து என் போன் வழியாக அனுப்பலாம். அறபில் இல்லாத ஓசைகளை இயன்றவரை தவிர்த்து, கஷ்டப்பட்டு நாலு சொல் தேடினேன்: "மகள் கூரை ஏறினது வா."

அனுப்பு முன் பாறூக் இரண்டு தரம் வாசித்துப் பார்த்தான்: "காக்கா, மகள் கூரைக்கு மேல ஏறி நிக்கிறா, வந்து இறக்குங்க எண்டு சொல்லுற மாதிரியெல்லோ இரிக்கி."

ஓடா, சீற்றா

நாலு நாள் சத்தமில்லை. ஐந்தாம் நாள் வெலிக்கந்தை தாண்டும்போது மேடத்தின் நம்பர் அடித்தது. ஓரம் கட்டி ஸ்பீக்கரில் போட்டேன். அந்தப் பிள்ளையின் குரல்: "ம...கள்... கூ...ரை..." வானில் இருந்த ஆறு பேரும் முன்பக்கம் எட்டிக் குனிந்தார்கள். "வா" என்று முடித்துவிட்டுப் பிள்ளை கைதட்டினாள். பிறகு யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு என் மகள்: "வாப்பா... கூரை ஓடா, சீற்றா?"

எவ்வளவோ புளுகிய வாயைத் தோள் துணியால் பொத்திக்கொண்டேன். விமான நிலையத்திலிருந்து நான் கூரைக் கதையே சொல்லி வந்ததால், முன் ஆசனத்து வாழைச்சேனைக்காரர் போனைப் பறித்துக்கொண்டார்: "ஓடு மகள், தகரச் சீற் இல்ல, நல்ல சிவப்பு ஓடு. கையெழுத்து வைச்சிராதீங்க. வாப்பா அழுறார், அதுதான் நான் கதைக்கிறன்."

ஜெசீமா வெய்ன்?

வந்துவிட்டாள். மேடமே பெட்டி கட்டி அனுப்பினாராம். வரும் பாதை கதை என்று முதலில் சொன்னேனே, அன்று வானில் கதை இல்லை. மன்னம்பிட்டிப் பாலம் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தவள், "அந்தப் புள்ளைக்கு இனி ஆரு வாப்பா தலை பின்னுற?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்றாம் நாள் பாறூக் வீடு பார்க்க வந்திருந்தபோது என் போன் அடித்தது. "ஜெசீமா வெய்ன்?" என்றது அந்தக் குரல். நான் பிஸ்கட் பெட்டித் துண்டைப் பார்த்துப் படித்த அதே கேள்வி. ஜெசீமா புதுக் கூரைக்குக் கீழ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, வேண்டாம் என்று கையை ஆட்டினாள். குரலைக் கேட்டால் உடைந்துபோவாள். பிள்ளை காத்திருந்தாள். எனக்குத் தெரிந்த அறபில் பொருத்தமான சொல் ஒன்றுதான் இருந்தது. "புக்ரா" என்றேன். "புக்ரா?" என்று நம்பிக் கேட்டாள். "இன்ஷா அல்லாஹ்" என்றேன்.

பாறூக் ஓட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "இப்பதான் காக்கா நீங்க அசல் அறபு கதைக்கிறீங்க."

ஆக, சகோதரர்களே, பாடுபட்டு நான் படித்தது ஒரு கேள்வியும் ஒரு பதிலும்தான். கேள்வியை அந்தப் பிள்ளை எடுத்துக்கொண்டாள்; ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் போன் எடுத்துக் கேட்க, பதிலை நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.