மைல்கல்லும் என் வாயும்

ஒன்பதாம் வகுப்புக்கு இயக்கம் பாடம் எடுக்க ஆரம்பித்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. ஒரு பொருள் நகர்கிறதா, நிற்கிறதா என்பதை நகராத இன்னொன்றை வைத்துத்தான் சொல்ல வேண்டும். இந்த வரியை எழுதாத பிள்ளைக்கு நான் மதிப்பெண் போட்டதே இல்லை. அவ்வளவு கறார். அப்படிப்பட்ட நானே ஒருநாள் தொப்பூர் கணவாயில் அதை மறந்துவிட்டுக் கத்தினேன்.

பள்ளிக்கூடம் கணவாய்க்குக் கீழே; என் வீடு மேலே, நல்லம்பள்ளியில். காலையும் மாலையும் ஒரே பஸ், ஒரே ஓட்டுநர். நான் ஓடி வருவது தெரிந்தால் ஒரு நிமிடம் நிறுத்திவைக்கிற மனிதர். அன்று மாலை மேட்டில் ஏதோ வண்டி பழுதாகி, பின்னால் வந்த எல்லாம் வரிசையாக நின்றுவிட்டன. நான் கடைசி இருக்கையில் ஜன்னலோரம். அரைமணி நேரமாக என் முகத்துக்கு நேரே ஒரு மைல்கல். அதற்கு யாரோ குங்குமம் வேறு வைத்திருந்தார்கள். வேறு வேலை இல்லாததால் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று முன்னால் ஹாரன் சத்தம். வரிசை நகரப்போகிறது என்று நிமிர்ந்தவள், ஏனோ பின்கண்ணாடிப் பக்கம் திரும்பினேன். பின்னால் நின்ற லாரியின் முகப்பு பெரிதாகிக்கொண்டே வந்தது.

"ஐயோ, லாரி வந்து இடிக்குது!"

நான் கத்தி முடிப்பதற்குள் டமார் என்று சத்தம். பஸ்ஸே குலுங்கி நின்றது.

அதற்குமேல் யாருக்கும் எந்தச் சாட்சியும் தேவைப்படவில்லை. ஆண்கள் இறங்கி ஓடி லாரிக்காரரின் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். என் தம்பி வயதுதான் இருக்கும் அவருக்கு. "நிறுத்திதானுங்க வெச்சிருந்தேன்" என்றதற்குக் கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. ரோந்து போலீஸ் வந்து, யார் பார்த்தது என்று கேட்டார்.

"டீச்சர்தாங்க பார்த்தாங்க!"

பார்த்ததைச் சொல்லத்தான் நானும் பின்படியில் இறங்கினேன். கடைசிப் படியில் கால் வைத்ததும் எதிரே அந்த மைல்கல். அதே குங்குமம். சற்றுமுன் என் ஜன்னலுக்கு நேரே இருந்தது, இப்போது என் இருக்கைக்கு முன்னால் உள்ள இந்தப் படிக்கட்டுக்கு நேரே இருக்கிறது. கல் மலையேறாது. கீழே உருண்டு வந்தது நாங்கள்தான்.

என் தயக்கத்தைப் பார்த்த பக்கத்து இருக்கை அம்மாள் முழங்கையால் இடித்தார். "நம்ம டிரைவருங்க டீச்சர். ஊரோட ஒத்துப் போங்க."

லாரிக்காரர் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, "லைசன்ஸ் போனா பொழப்பே போச்சுங்க சார்" என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஓட்டுநர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் பொங்கியது. அத்தனையும் என்மேல்தான். அந்த அறை என் வாயால் விழுந்த அறை.

"சார், நான் கத்துனது தப்புங்க. லாரி வரல. பஸ்தான் பின்னால போச்சு."

"அப்புறம் ஏம்மா அப்பிடிக் கத்துனீங்க?"

"லாரிய மட்டும் பார்த்தேங்க. கல்லப் பார்க்கல."

என் ஜன்னலையும் கல்லையும் காட்டினேன். போலீஸ்காரர் இரண்டு முறை நடந்து பார்த்தார். கூட்டத்தில் யாரோ என்னைத் திட்டினார்கள். நான் நகரவில்லை, மறுபடியும் சத்தமாகச் சொன்னேன். கடைசியில் எங்கள் ஓட்டுநரே தலையைக் குனிந்துகொண்டு, "எடுக்கறப்ப வண்டி ஆஃப் ஆயிடுச்சுங்க" என்றார். சட்டையைப் பிடித்திருந்த கை அப்போதுதான் விலகியது.

மறுநாள் காலை நான் ஓடி வருவதைப் பார்த்தும் பஸ் நிற்காமல் போனது. வலிக்கத்தான் செய்தது. அடுத்த பஸ்ஸில் போய், தாமதமாக வகுப்புக்குள் நுழைந்து, கரும்பலகையில் முதலில் அந்தக் கல்லை வரைந்தேன். கல்லைப் பார்க்காமல் கத்தியது நான்தான் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்கினேன்.