காய்ச்சல் இல்லாத சூடு

தம்பியைச் சேலத்தில் கல்லூரியில் சேர்த்தபோது, விடுதிப் பணத்தோடு வைத்தியத்துக்கென்றும் ஒரு தொகை வாங்கிக்கொண்டார்கள். வருஷம் முழுக்க உடம்புக்கு என்ன வந்தாலும் அவர்கள் பொறுப்பாம். அப்பாவுக்கு அது பிடிபடவே இல்லை.

“நோவு வாரதுக்கு முந்தியே காசு வாங்கறாங்களே, இவிங்க நோவு வரோணும்னு கும்புடறவிங்களா, வரக்கூடாதுன்னு கும்புடறவிங்களா?” என்று திருச்செங்கோடு வரைக்கும் பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வந்தார். நாலாவதோடு ஏர் பிடிக்கப் போனவன் நான். எனக்கும் அதே சந்தேகம்தான்.

அந்த மாசியில் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்குக் கடலை மூட்டையோடு போனவன், விடுதியை எட்டிப் பார்த்தேன். தம்பி கட்டிலில் இறால் போலச் சுருண்டு கிடந்தான்.

“சூடு புடிச்சுக்கிச்சுண்ணா. நேத்திருந்து. டாக்டர்கிட்டப் போகச் சீட்டுக் கேட்டா, கம்பவுண்டர் தரமாட்டேங்கறாரு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாங்கும்போது இனிக்கிற காசு கொடுக்கும்போது கசக்கிறதோ? நேரே கம்பவுண்டர் அறைக்குப் போனேன். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர்.

“ஏனுங்க, பையன் சூடுன்னு சொல்றான். சீட்டு எழுதுனா கை தேஞ்சு போயிருமுங்களா?”

“ரெண்டு தடவை தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்தாச்சுய்யா. சூடே கிடையாது. பரீட்சை வந்தா இங்கே பாதிப் பேருக்குச் சூடு வரும்.”

“காச்சல்னு அவன் சொல்லுலீங்களே! சூடுங்க, சூடு!”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கம் அடிவயிறு இழுத்தாலும் சூடு, நீர் கடுத்தாலும் சூடு. தொட்டால் உடம்பு சில்லென்று இருக்கும், ஆனாலும் சூடு. “வவுத்து நோவுங்க. தொப்புளுக்கு எண்ணெய் வெச்சு, விளக்கெண்ணெய் குடுத்தாப் போயிரும். வூட்டுக்குன்னு மண்டியில வாங்குன புட்டி கையிலயே இருக்குதுங்க.”

கம்பவுண்டர் எழுந்து முன்னால் ஓடினார். தம்பியின் வலப்பக்க அடிவயிற்றில் விரலை வைத்து அழுத்தி எடுத்தார். அவன் போட்ட கத்தலில் அடுத்த அறைப் பையன்கள் வந்துவிட்டார்கள்.

“எண்ணெய் குடுத்தியா?”

“இன்னும் இல்லீங்க.”

புட்டியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். எண்ணெய்க்கு ஆசைப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். குதிரைவண்டி பிடித்து அவரே கூட வந்தார். அஸ்தம்பட்டிப் பக்கம் கல்லூரி ஏற்பாடு செய்திருந்த ஆஸ்பத்திரி.

“குடல்வால் வீங்கியிருக்கு. இப்பவே அறுத்து எடுக்கணும். உள்ளே உடைஞ்சா ஆபத்து. விளக்கெண்ணெய் குடுத்திருந்தா உடைஞ்சே போயிருக்கும்” என்றார் டாக்டர்.

வாங்கிய பணத்துக்கு வேலை காட்டத்தான் கத்தியை எடுக்கிறார்களோ? கேட்டே விட்டேன்: “ஏனுங்க, காசு கட்டாத பையனா இருந்தா அறுப்பீங்களா, மருந்து குடுத்து அனுப்புவீங்களா?”

டாக்டர் கோபப்படவில்லை. “அப்பவும் அறுக்கத்தான் வேணும். ஆனா நீ ஊருக்குப் போயி காசு பொரட்டிட்டு வர்றவரைக்கும் இந்தக் குடல் காத்திருக்காது. நேத்தே கொண்டுவந்திருக்கணும்.”

கம்பவுண்டர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சரின்னு சொல்லுண்ணா” என்று தம்பி பல்லைக் கடித்தான். சொன்னேன்.

அறுத்து எடுத்ததைப் பீங்கான் தட்டில் கொண்டுவந்து காட்டினார்கள். மண்புழு மாதிரி, நுனி கறுத்து இருந்தது. இவனுடையதுதானா, காட்டுவதற்கென்றே ஒன்றை வைத்திருக்கிறார்களா என்று அப்போதும் எனக்கு மனசில் ஓடியது.

கண் விழித்ததிலிருந்து தம்பி தண்ணீர் கேட்டான். அங்கே நர்சாக இருந்த கன்னியாஸ்திரீ அம்மா ஒரு சொட்டு விடவில்லை. நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைத்ததோடு சரி. கேட்டால், “காத்து பிரிஞ்சுதா?” என்று திருப்பிக் கேட்டார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன்.

“கேலியில்லப்பா. குடல் மறுபடி வேலை செய்யுதுன்னு அதுதான் சொல்லும். அதுக்கப்புறம்தான் தண்ணி.”

அப்புறம் நான் அவன் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். போர்வைப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை, சின்னதாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் கேட்டது.

“அம்மா! பிரிஞ்சிருச்சுங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. தம்பி வெட்கத்தில் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டான். அந்த அம்மா சிரித்துக்கொண்டே வெந்நீரும் ஸ்பூனுமாக வந்தார்.