சம்பந்திக்கு வைத்த பொன்னாடை

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து நாற்பது. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு மண்டபம். உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது வாழைமரம். பிளாஸ்டிக். குலை தள்ளியிருந்தது. அதற்குப் பின்னால் பாதி மறைந்தபடி ஓர் ஓவியம் — சாம்பல் நிறத்தில் ஒரு நகரம். வீட்டுக்கு மேல் வீடு. எந்த ஜன்னலிலும் வெளிச்சம் இல்லை.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே பொங்கல் விழா.

பொங்கல் விழாவுக்குள் சிரிய ஓவியம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். சமீர் என்ற ஓவியரைப் பத்திரிகைக்காகப் பேட்டி கண்டிருந்தேன். அலெப்போக்காரர். டோர்செட் பார்க்கில் அப்பார்ட்மென்ற். பகலில் பேக்கரி வேலை, மிச்ச நேரத்தில் படம். அந்தப் பேட்டியைத் தருமலிங்கம் அண்ணை வாசித்துவிட்டார். அண்ணை ஒரு சங்கத்தின் தலைவர். எந்தச் சங்கம் என்று எழுதினால் மற்றச் சங்கங்கள் கோபிக்கும்.

"உவரை எங்கட பொங்கலுக்குக் கூப்பிடுவம்" என்றார் போனில். "படங்களையும் கொண்டுவரட்டும். போருக்குள்ளால வந்த சனம் எண்டால் ஆளுக்காள் ஆதரவு வேணும் எல்லோ?"

நல்ல மனம். அதற்குத்தான் சோதனை வந்தது.

டமாஸ்கஸில் ஆட்சி கவிழ்ந்து அப்போது ஒரு மாதம் கடந்திருந்தது. நிகழ்ச்சி தொகுத்த பிள்ளை இங்கே பிறந்தவள். மைக்கைச் சமீரிடம் நீட்டினாள்.

"ஸோ... வோர் முடிஞ்சிட்டுது. ஹவ் ஹாப்பி ஆர் யூ?"

சமீர் போனை மறு கைக்கு மாற்றிவிட்டு மைக்கை வாங்கினார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "சிறைகளைத் திறந்துவிட்டார்கள். என் அண்ணன் இன்னும் வெளியே வரவில்லை. எங்கள் ஆட்கள் தேடுகிறார்கள். அதனால் மேடையிலும் போனைக் கையில் வைத்திருக்கிறேன். மன்னியுங்கள்."

போர் முடிந்துவிட்டது என்று முதலில் சொல்கிறவர் எப்போதும் அந்தப் போருக்கு வெளியே இருந்தவர்தான். இது எங்களுக்குத் தெரியாதா? ஈழத்துப் போர் முடிந்ததும் எங்களிடமும் இப்படித்தான் கேட்டார்களே. தெரிந்தும் கேட்டோம்.

பிள்ளை கெட்டிக்காரி. பேச்சை மாற்றினாள். உங்கள் நாட்டு ஓவியர்கள் இதையெல்லாம் எப்படி வரைகிறார்கள்?

"ஆளுக்கு ஒரு விதம்" என்றார் சமீர். "பெர்லினில் என் நண்பன் முகங்கள் மட்டும் வரைகிறான், ஒரு முகத்துக்கும் வாய் இருக்காது. பெய்ரூத்தில் ஒருத்தி வெறும் கதிரைகளாக வரைந்து தள்ளுகிறாள். நான் விளக்கில்லாத வீடுகள். கன்வஸ் கிடைக்காத காலத்தில் கூடாரத் துணியில் வரைந்தேன், மாச் சாக்கில் வரைந்தேன். எந்தத் துணி தந்தாலும் வரைவேன். நல்ல துணி தந்தால் தந்தவரை மறக்கமாட்டேன்."

இந்தக் கடைசி வசனத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால், அது முடிந்த கையோடு தருமலிங்கம் அண்ணை மேடையேறி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்.

போர்த்தும்போதே போன் அடித்தது.

அண்ணையின் கைகள் அந்தரத்தில் நின்றன. நாதஸ்வர ரெக்கோர்டை யாரோ நிறுத்தினார்கள். பொங்கல் பரிமாறியவர்கள் அகப்பையோடு நின்றார்கள். சமீர் போனைக் காதில் வைத்தார். கேட்டார். "நோ, தாங்க் யூ" என்றார். வைத்தார்.

வீட்டுக் காற்றுக் குழாய்களைச் சுத்தம் செய்யவேண்டுமா என்று கேட்டு வந்த அழைப்பு. கனடாவில் எந்தத் துக்கத்துக்கும் நடுவில் வருவது இது ஒன்றுதான்.

இனி, பொன்னாடையின் பொருளாதாரத்தைச் சொல்லவேண்டும். எங்கள் சங்கங்களிடம் பொன்னாடை பெட்டிக் கணக்கில் இருக்காது. இரண்டோ மூன்றோ இருக்கும். மேடையில் போர்த்துவார்கள், கைதட்டுவார்கள், படம் எடுப்பார்கள். பெற்றவர் இறங்கி வந்து அதை மடித்துக் கதிரையில் 'மறந்துவிட்டு'ப் போவார். செயலாளர் எடுத்துப் பைக்குள் வைப்பார். அடுத்த மாதம் அது வேறொரு தோளில் ஏறும். யாரும் எழுதிவைத்த விதி அல்ல. ஆனால் யாரும் மீறியதில்லை.

சமீருக்கு இது தெரியாது. போர்த்தபடியே பஸ் ஏறிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை அண்ணை அழைத்தார். குரல் ஒரு கட்டை இறங்கியிருந்தது.

"உவர் சமீர் அந்தச் சால்வையைக் கொண்டு போயிட்டார்."

"ஒரு சால்வைதானே அண்ணை..."

"சங்கத்தின்ர சால்வை எண்டால் நான் ஏன் உமக்குப் போன் எடுக்கிறன்? என்ர வான் வண்டிக்குள்ள ரெண்டு பை கிடந்தது. மாறி எடுத்துப்போட்டன். அது சம்பந்திக்கு வைச்சது!"

அடுத்து வந்த ஞாயிறு அவருடைய மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் தகப்பனும் ஒரு சங்கத் தலைவர். போன வருடம் பதிவுத் திருமணத்தன்று, சபை நிறைந்த நேரத்தில், அவர் அண்ணைக்கு ஒரு கனமான பொன்னாடை போர்த்தியிருந்தார். அதைவிடக் கனமானதைத் திருப்பிப் போர்த்தாவிட்டால் அண்ணை எப்படித் தலைநிமிர்வது? மனைவி மனோ அக்கா காஞ்சிபுரத்தில் சொல்லி நெய்வித்திருந்தார். உடல் முழுக்கச் சரிகை.

"மனோவுக்கு இன்னும் தெரியாது" என்றார். "நீர்தானே ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தனீர். நீரும் வாரும்."

போனோம். மறுநாள் மாலை, சமீர் வீட்டுக்கு. போகும் வழியெல்லாம் எப்படிக் கேட்பது என்று ஒத்திகை. "பிழைபட்டுப்போச்சு எண்டு சொல்லுவமோ? இல்லை, கழுவித் தாறம் எண்டு வாங்குவமோ?" லிஃப்டில் இரண்டாவதை முடிவு செய்தார்.

சமீர் கதவைத் திறந்தார். ஒரு கையில் போன். அண்ணையைக் கண்டதும் கட்டியணைத்தார்.

"நான் மேடையில் சொல்லி முடிக்கவில்லை, நீங்கள் துணியோடு நிற்கிறீர்கள்! இப்படி ஒரு சனத்தை நான் கண்டதில்லை."

சுவரில், மரச் சட்டத்தில் இழுத்து அறைந்து, சம்பந்தியின் பொன்னாடை.

அதன்மேல் அலெப்போ. அதே சாம்பல் வீடுகள். ஆனால் ஜன்னல்களில் பெயின்ற் இல்லை, துணியை அப்படியே விட்டிருந்தார். நகரம் முழுக்கச் சரிகை வெளிச்சம்.

"ஐயோ" என்றார் அண்ணை.

சமீர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். "ஒரு மாதமாக என்னால் எதுவும் வரைய முடியவில்லை. போர் முடிந்தால் எதை வரைவது என்று நான் யோசித்தே வைக்கவில்லை. படம் விற்கிற கலரிக்காரர் சந்தோஷமாக ஏதாவது வரை என்றார். மஞ்சள் பெயின்ற் வாங்கினேன். பொய்யாகத் தெரிந்தது. உங்கள் துணியில் வெளிச்சம் ஏற்கெனவே இருந்தது. நான் சுற்றிவரப் பூசினேன், அவ்வளவுதான்."

அண்ணை என் காதுக்குள் குனிந்தார். "கழுவினால் போகுமோ எண்டு கேளும்."

கேட்டேன்.

"போகவே போகாது!" சமீரின் முகம் மலர்ந்தது. "நல்ல பெயின்ற். ஐம்பது வருடம் நிற்கும்."

அண்ணை சட்டத்துக்குப் பக்கத்தில் போனார். கரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார், நேரே சமீரிடம், தன்னுடைய ஆங்கிலத்தில்: "வை திஸ் ஒன் பிளாக்?"

மூன்றாம் மாடி. இடப்பக்கம். ஒரு ஜன்னல் மட்டும் கறுப்பாக இருந்தது.

"அது அண்ணனின் அறை" என்றார் சமீர். "அது பெயின்ற் இல்லை, கறுப்பு மெழுகு. சுரண்டினால் போய்விடும். போன் வந்த அன்றைக்குச் சுரண்டுவேன்."

அண்ணை அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் "வெரி குட்" என்றார். "வெரி, வெரி குட் வேர்க்."

"உங்கள் துணி. அதனால் படம் உங்களுக்குத்தான்" என்றார் சமீர். "ஒரேயொரு நிபந்தனை. போன் வந்தால், எந்த நேரமானாலும் உங்கள் வீட்டுக்கு வருவேன்."

படம் வானுக்குள் கொள்ளவில்லை. பின்கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு, பனிக்குள் பிக்கரிங்கில் அண்ணையின் வீடுவரை போனோம். அண்ணை வழியில் பேசியது ஒரே தடவைதான். "கேக்க வாய் வரேல்லை ஐசே."

மனோ அக்கா வாசலில் நின்றார். படத்தைப் பார்த்தார். கரையைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ. இது என்ர சரிகை எல்லோ?"

அண்ணை என்னைப் பார்த்தார். பத்திரிகைக்காரன் எதற்கு இருக்கிறான்? நடந்ததைச் சொன்னேன். வான், பை, மேடை, மாச் சாக்கு, மெழுகு. அக்கா குறுக்கிடாமல் கேட்டார். அதுவே பயமாக இருந்தது.

"உங்களை ஒரு பை எடுத்துவர விட்டால் ஊரையே எடுத்துக் குடுப்பியள்" என்றார் கணவரிடம். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கறுப்பு ஜன்னலுக்குக் கிட்டப் போனார். "கத்தியால சுரண்டினால் சரிகை அறுந்துபோம். நகத்தாலதான் சுரண்டவேணும் எண்டு அந்தத் தம்பிக்குச் சொல்லுங்கோ. வரேக்க சாப்பிடாமல் வரச் சொல்லுங்கோ."

சரி, சம்பந்தி?

கல்யாணத்துக்கு ஐந்து நாள்தான். காஞ்சிபுரத்திலிருந்து அதற்குள் எதுவும் வராது. வீட்டில் இருந்த ஒரே கனமான பொன்னாடையை அக்கா எடுத்துக் கொடுத்தார். ஞாயிறு, மணவறைக்கு முன்னால், நாதஸ்வரம் முழங்க அண்ணை அதைச் சம்பந்திக்குப் போர்த்தினார். சபை கைதட்டியது. சம்பந்தி ஓரத்தை விரலால் தடவினார். முகத்தருகே கொண்டுபோனார். புன்னகை மாறாமல், கமெராவைப் பார்த்தபடியே சொன்னார்:

"அண்ணை, இது நான் உங்களுக்குப் போர்த்தினது."

"ஓம்" என்றார் அண்ணை, அவரும் கமெராவைப் பார்த்தபடி. "பத்திரமா வைச்சிருந்தனான்."

சங்கத் தலைவருக்குச் சங்கத் தலைவர். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

படம் இப்போது பிக்கரிங் வீட்டு ஹோலில், ரீவிக்கு மேலே. வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "டவுன்ரவுன் கொண்டோ கட்டடமோ?" மனோ அக்கா ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்கிறார். சமீர் மாதத்தில் ஒரு ஞாயிறு சாப்பிட வருகிறார். போன், கோப்பைக்குப் பக்கத்தில், திரை மேலே பார்த்தபடி.

போன ஞாயிறு நானும் போயிருந்தேன். சோறும் கணவாய்க் கறியும். மூன்றாம் மாடி, இடப்பக்கம், ஜன்னல் கறுப்பாக இருந்தது.